தண்டனைக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி

(மாற்றுத்திறன் மாணாக்கரும் பள்ளி ஒழுங்கும் குறித்த உரையின் எழுத்து வடிவம்)

ஐந்தாம் வகுப்பில், மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறார், அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை அழைக்கிறார். அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தும்போது வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. எல்லோரும் சிரிப்பதைக் கண்டு அவனும் சிரிக்கிறான். திமிர் என்று ஆசிரியர் முடிவு செய்கிறார். அன்று பிற்பகல் முழுவதும் அவன் வகுப்புக்கு வெளியே நிற்கிறான். மாலையில் அவனுடைய குறிப்பேட்டில், கீழ்ப்படிவதில்லை, பெற்றோர் நேரில் வரவும் என்று ஒரு வரி எழுதப்படுகிறது. இதேபோல் ஏழெட்டு வரிகள் சேர்ந்த பிறகு, யாரோ சொல்லி, பெற்றோர் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். ஒரு காது அறவே கேட்கவில்லை என்பதும், மறு காதிலும் பாதிக் கேள்விதான் இருக்கிறது என்பதும் அப்போது தெரியவருகின்றன.

இது குறிப்பிட்ட ஒரு பள்ளியின் கதை அன்று. எந்தப் பள்ளியிலும் நிகழக்கூடியது. அந்த ஆசிரியர் கொடியவர் அல்லர். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கட்டிக்காக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. ஆயினும் தவறு நேர்ந்துவிட்டது. செவித்திறன் குறைந்த ஒரு குழந்தை, செவித்திறன் குறைந்ததற்காகவே தண்டிக்கப்பட்டது. தண்டிப்பதற்கு முன் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இத்தவறு தவிர்க்கப்பட்டிருக்கும்? அக்கேள்வியைக் கேட்கும் கடமை யாருக்கு இருக்கிறது? கேட்குமாறு வற்புறுத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டா? இவையே இங்கு ஆராயவேண்டியவை.

ஒழுங்கு வேண்டாம் என்பதா?

பள்ளிக்கு ஒழுங்கு இன்றியமையாதது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதும், வரிசையில் நிற்பதும், பிறர் பொருளைத் தொடாதிருப்பதும் கல்வியின் பகுதிகளே. இயலாமை உள்ள குழந்தைக்கு இவை வேண்டியதில்லை என்று சொல்வது அக்குழந்தையைத் தாழ்த்துவதாகும். எல்லாப் பிள்ளைகளையும் போலவே அக்குழந்தையும் ஒழுங்கைக் கற்கவேண்டும்; கற்க முடியும்.

ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே மாதிரியாகத் தோன்றும் செயல்களுக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. பாடநூலை உரக்கப் படிக்க மறுக்கும் இரண்டு மாணவர்களில் ஒருவன் முந்தைய நாள் படிக்காமல் விளையாடியவனாக இருக்கலாம். மற்றொருவன், எழுத்துகள் கண்முன் இடம் மாறித் தோன்றும் வாசிப்புக் குறைபாடு உள்ளவனாக இருக்கலாம். மணி அடித்தவுடன் வகுப்பைவிட்டு ஓடும் இருவரில் ஒருத்தி விளையாட்டுத் திடலுக்கு விரைபவளாக இருக்கலாம். இன்னொருத்தி, மணியோசையைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் ஆட்டிசக் குழந்தையாக இருக்கலாம். முதலாமவரிடம் கண்டிப்பு பயன் தரக்கூடும். இரண்டாமவரைக் கண்டிப்பதால் குறைபாடு மறையப்போவதில்லை. அச்சம் ஒன்று புதிதாகச் சேரும். அந்த அச்சத்திலிருந்து அடுத்த ஒழுங்கீனம் பிறக்கும். பள்ளி தன் கையாலேயே தன் சிக்கலை வளர்த்துக்கொள்கிறது.

சட்டம் நடந்துவந்த பாதை

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்கவைக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மத்திய அரசு 1974-இல் தொடங்கியது. உடல்ரீதியான தண்டனை கல்வி அமைப்பிலிருந்து அடியோடு விலக்கப்படவேண்டும் என்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு இசைந்ததாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. 1995-இல் இயற்றப்பட்ட சட்டம், இயலாமையுள்ள குழந்தைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்தது.

எனினும் கொள்கை ஒருபுறம் இருக்க, பிரம்பு மறுபுறம் இருந்தது. தில்லிப் பள்ளிக் கல்வி விதிகள், 1973, தலைமை ஆசிரியர் மாணவரின் உள்ளங்கையில் 10 அடிக்கு மேற்படாமல் பிரம்பால் அடிப்பதற்கு இடமளித்திருந்தன. பெற்றோர் அமைப்பு ஒன்று அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பள்ளி ஒழுங்கு என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான விவகாரம் மட்டுமே அன்று, அதில் பெற்றோருக்கும் சொல்ல உரிமை உண்டு என்பதை இவ்வழக்கு எடுத்துக்காட்டியது.

இன்று நடைமுறையில் உள்ள சட்டங்களில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, 2010 ஏப்ரல் 1 முதல் செயற்படும் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. மற்றொன்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. முன்னது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. பின்னது 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, இயக்கக் குறைபாடுகளோடு அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவையும் அதில் அடங்கும். பள்ளி ஒழுங்கைப் பொறுத்தவரை இந்தக் கடைசி நான்கும் தனிக் கவனத்துக்குரியவை. சக்கர நாற்காலியைக் கண்ணால் காணலாம். இவற்றைக் காண முடியாது. இவற்றின் விளைவான நடத்தையை மட்டுமே காணமுடியும். எனவே அந்த நடத்தை குற்றமாகக் கருதப்படுகிறது.

மூன்று காப்புகள்

இவ்விரு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால், மாணாக்கருக்கு மூன்று காப்புகள் கிடைப்பதைக் காணலாம்.

முதலாவது, அடிக்கவோ அவமதிக்கவோ கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. மீறுபவர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. இதற்கு விளக்கமாக மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2014-இல் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. திக்குவாய், கற்றல் சிரமம் போன்றவற்றைக் கேலி செய்வதும், வளர்ச்சிக் குறைபாட்டால் ஒன்றைச் செய்ய இயலாத குழந்தையை அதற்காகத் தண்டிப்பதும் மனத் துன்புறுத்தலே என்று அது வகைப்படுத்தியது. ஓர் இடத்தில் அமைதியாக இருக்க முடியாத, கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட குழந்தையை 'அடங்காதது' என முத்திரை குத்துவதையும் அது இவ்வகையில் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் தனிப்பெயராக இடம்பெறாத இக்குறைபாட்டை இந்த அறிவுரை பெயர் சொல்லிக் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, வெளியேற்றக் கூடாது. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு நிறைவுபெறும்வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. 2019-இல் இப்பிரிவு திருத்தப்பட்டபோது, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. ஆனால் நீக்கத்துக்கான தடை அப்படியே தொடர்கிறது.

மூன்றாவது, தக்க வசதி செய்து தரவேண்டும். அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் எவ்விதப் பாகுபாடும் இன்றிக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வதற்கும், அக்குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளையும் தனிப்பட்ட உதவிகளையும் அளிப்பதற்கும், கற்றல் குறைபாட்டை இயன்றவரை முன்கூட்டியே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பதற்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு வழிசெய்கிறது. தக்க வசதியை மறுப்பதே பாகுபாடு என்பது இச்சட்டத்தின் வரையறை. செவித்திறன் குறைந்த சிறுவனை முன்வரிசைக்கு மாற்றுவது ஒரு வசதி. மணி அடிப்பதற்குச் சற்று முன் ஆட்டிசக் குழந்தையை மெல்ல வெளியே அழைத்துச் செல்வது ஒரு வசதி. உரக்கப் படிப்பதற்குப் பதிலாக வாய்மொழியாகப் பொருள் கூறச் செய்வது ஒரு வசதி. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

மூன்றாவது காப்பே மற்ற இரண்டுக்கும் உயிர் தருவது. வசதி செய்து தராத பள்ளி, அந்த வசதி இல்லாமையால் விளைந்த நடத்தைக்காகக் குழந்தையைத் தண்டிக்க முற்படுமானால், அது தன் கடமையை மறந்துவிட்டுக் குழந்தையின் கடமையைக் கணக்குப் பார்ப்பதாகும்.

ஆணையில்லாத வெளியேற்றம்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் குழந்தைகள் பள்ளியைவிட்டு வெளியேறுகின்றனர். நீக்கல் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படுவதில்லை. நடப்பது வேறு.

முதலில், சில நாள்கள் வீட்டில் வைத்திருங்கள், அமைதியானதும் அனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. பிறகு, பிற்பகலுக்கு மேல் பார்த்துக்கொள்ள முடியவில்லை, மதியமே அழைத்துச் செல்லுங்கள் என்கின்றனர். சுற்றுலாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் அழைப்பு இல்லை. அடுத்து, பிற மாணவர்களின் பெற்றோர் புகார் கூறுகின்றனர் என்ற செய்தி வருகிறது. இறுதியில், உங்கள் பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறோம், வேறு நல்ல இடம் பாருங்கள் என்று தலைமை ஆசிரியர் அன்போடு கூறுகிறார். தாயோ தந்தையோ தாமே கையெழுத்திட்டு மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்கின்றனர். பதிவேட்டின்படி இது பெற்றோரின் விருப்பம். 16-ஆவது பிரிவு மீறப்பட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை.

வீட்டிலிருந்தே கல்வி பெறும் ஏற்பாடும் சில நேரங்களில் இவ்வாறே பயன்படுத்தப்படுகிறது. பலவகை இயலாமையோ கடுமையான இயலாமையோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தபடி கற்கும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. தேர்ந்துகொள்ளும் உரிமை குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரியது. வகுப்பறையில் கையாள்வது கடினம் என்பதற்காகப் பள்ளி எடுக்கும் முடிவாக அது ஆகிவிடக் கூடாது.

வேறொரு நாட்டின் அனுபவம்

எதைச் செய்யக் கூடாது என்பதை இந்தியச் சட்டங்கள் கூறுகின்றன. ஒரு குழந்தை பெரிய ஒழுங்கீனம் செய்துவிட்டால் அடுத்த நாள் பள்ளி என்ன செய்யவேண்டும் என்ற நடைமுறை, மேலே கூறிய இரு மத்தியச் சட்டங்களிலும் வகுக்கப்படவில்லை. இவ்விடத்தில், இதே சிக்கலை முன்பே சந்தித்த ஒரு நாட்டின் அனுபவத்தை நோக்குவது பயனுடையது.

இயலாமையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் பொதுக் கல்வி அளிக்கும் சட்டத்தை அமெரிக்கா 1975-இல் இயற்றியது. அதன்பின் சில ஆண்டுகளில், சான்பிரான்சிஸ்கோவில் மனவெழுச்சிக் கோளாறு உள்ள ஒரு மாணவர், தம்மைக் கேலி செய்த சக மாணவரின் கழுத்தை நெரித்தார். பள்ளிச் சன்னல் ஒன்றையும் உதைத்து உடைத்தார். பள்ளி நிர்வாகம் அவரைச் சில நாள்கள் நீக்கி வைத்தது. பின்னர் அந்த நீக்கத்தைக் காலவரையின்றி நீட்டியது. இவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இயலாமையால் விளைந்த நடத்தைக்காக, பெற்றோரின் இசைவின்றியோ நீதிமன்றத்தின் அனுமதியின்றியோ 10 பள்ளி நாள்களுக்கு மேல் மாணவரை வெளியே நிறுத்திவைக்கப் பள்ளிக்குத் தன்னிச்சையான அதிகாரம் இல்லை என்று 1988-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னர் 1997-இலும் 2004-இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் இதை ஒழுங்கான நடைமுறையாக ஆக்கின. ஒழுங்கு மீறலுக்காக மாணவரின் படிப்பிடத்தை மாற்றப் பள்ளி முடிவு செய்தால், 10 பள்ளி நாள்களுக்குள் பள்ளியும் பெற்றோரும் அம்மாணவரை அறிந்தவர்களும் ஒன்றாக அமரவேண்டும். இரண்டே கேள்விகளுக்கு விடை காணவேண்டும். இந்த நடத்தை இயலாமையால் விளைந்ததா, அல்லது அதனோடு நேரடியான நெருங்கிய தொடர்புடையதா? பள்ளி தான் ஒப்புக்கொண்ட கல்வித் திட்டத்தை நிறைவேற்றத் தவறியதன் நேர் விளைவா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்பது விடையானால், நடத்தையின் காரணத்தை ஆராய்ந்து அதற்கான திட்டம் வகுத்து, பொதுவாக மாணவரைப் பழைய இடத்திலேயே சேர்க்கவேண்டும். இரண்டுக்கும் 'இல்லை' என்றால் பிற மாணவர்க்குரிய அதே தண்டனையை அளிக்கலாம். ஆயினும் கல்வி நிற்கக் கூடாது. ஆயுதம், போதைப்பொருள், கடுமையான உடற்காயம் ஆகிய மூன்று நேர்வுகளில் மட்டும், விடை எதுவாயினும், 45 பள்ளி நாள்கள்வரை வேறு இடத்தில் வைத்துக் கற்பிக்கலாம்.

அந்நாட்டின் பள்ளி அமைப்பும் நிதிவளமும் வேறு. அந்தச் சட்டத்தை அப்படியே பெயர்த்து நடவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்பதற்கு நிதிவளம் தேவையில்லை. ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் அரை மணி நேரமும் போதும்.

பள்ளி செய்யக்கூடியவை

இந்தக் கேள்விகளைத் தன் ஒழுங்கு நடைமுறையில் சேர்த்துக்கொள்வதற்கு இந்தியப் பள்ளி எதற்கும் சட்டம் தடையாக இல்லை. புதிய ஆணைக்காகக் காத்திருக்கவேண்டியதும் இல்லை.

நிகழ்ந்ததை முதலில் எழுதி வைக்கவேண்டும். அடங்கவில்லை, முரண்டு பிடித்தான் என்பவை தீர்ப்புகள், நிகழ்ச்சிகள் அல்ல. கணிதப் பாடவேளை முடிய 5 நிமிடம் இருக்கும்போது, பின்னால் இருந்த மாணவன் தோளைத் தொட்டவுடன், அவன் கையைக் கடித்தான் என்பது நிகழ்ச்சி. முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது என்ற மூன்றையும் இரண்டு வாரம் குறித்து வந்தால், பெரும்பாலும் காரணம் தானே வெளிப்படும். தொடுகையை விரும்பாத குழந்தை தொடும்போதெல்லாம் கடிக்கிறது என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரியவரும். அதன்பின் செய்யவேண்டியது தண்டனை அன்று, இருக்கையை மாற்றுவதே.

மீண்டும் மீண்டும் தண்டனை பெறும் குழந்தையிடம் கண்டறியப்படாத இயலாமை இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. நாட்டில் சான்றிதழ் பெற்ற குழந்தைகள் மட்டுமே இயலாமை உடையவர்கள் அல்லர். ஒரே குழந்தையின் பெயர் தண்டனைக் குறிப்புகளில் அடிக்கடி வருமானால், கண், காது, கற்றல் திறன் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டிய குழந்தை அது என்று பொருள்.

பிற மாணவர்களின் பாதுகாப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. அடிபட்ட குழந்தைக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கவலையும் நியாயமானதே. ஆபத்தான நேரத்தில் குழந்தையை அமைதியான வேறிடத்துக்கு அழைத்துச் செல்வதும், சற்று நேரம் தனியே ஒருவர் துணையிருப்பதும் தேவையானவை. ஆனால் அவை அமைதிப்படுத்தும் முயற்சிகளாக இருக்கவேண்டும். இருட்டறையில் அடைப்பதும், கயிற்றால் கட்டுவதும், எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைப்பதும் பாதுகாப்பு ஆகமாட்டா. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி 6 மாதத்துக்குக் குறையாத, 5 ஆண்டுகள்வரை நீளக்கூடிய சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

பெற்றோர் அறியவேண்டியவை

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தவுடன் பெற்றோர் அஞ்சுவதும், குற்றவாளிகளைப் போல் தலைகுனிந்து நிற்பதும், வீட்டுக்குத் திரும்பிக் குழந்தையை அடிப்பதும் பல இல்லங்களில் நடப்பவை. இவற்றுக்கு மாறாகச் செய்யக்கூடியவை சில உண்டு.

குழந்தையின் இயலாமையையும், அதனால் வகுப்பில் நேரக்கூடியவற்றையும், தேவையான வசதிகளையும் ஒரு தாளில் எழுதி, சேர்க்கையின்போதே தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கவேண்டும். சொல்லவில்லை என்று பின்னர் கூறுவதற்கு இடமிராது. வீட்டில் வைத்திருங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுமானால், அதைக் காரணத்துடன் எழுத்தில் தருமாறு பணிவோடு கேட்கவேண்டும். எழுத்தில் தரமுடியாத முடிவை மறுநாளே பள்ளி மறுஆய்வு செய்வதுண்டு. மனம் ஒப்பாத நிலையில் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் கையெழுத்திடக் கூடாது.

பேச்சில் தீராதபோது செல்லவேண்டிய இடங்களும் உள்ளன. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அங்கே பிரச்சினையை எழுப்பலாம். மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையையும் பள்ளியில் அவர்களுக்குரிய வசதிகளையும் கவனிக்க, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு தொடர்பு அலுவலர் இருக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். இருதரப்பையும் கேட்டு 3 மாதத்துக்குள் அது முடிவு செய்யவேண்டும். அம்முடிவு நிறைவளிக்காவிடில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் அளிக்கலாம். ஆணையரின் பரிந்துரைமீது எடுத்த நடவடிக்கையை, அல்லது அதை ஏற்காததற்கான காரணத்தை, உரிய அதிகாரி 3 மாதத்துக்குள் தெரிவிக்கவேண்டும்.

இவை போராட்டக் கருவிகள் என்று பள்ளிகள் கருதவேண்டியதில்லை. குழந்தையின் இயல்பைப் பெற்றோரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. எந்த ஓசைக்கு அஞ்சும், எதைக் கையில் கொடுத்தால் அமைதியாகும் என்பதைத் தாய் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அவளைக் குற்றச்சாட்டுக் கேட்க மட்டும் அழைக்காமல், வழி சொல்லவும் அழைத்தால் ஆசிரியரின் சுமை பாதியாகும்.

இன்னும் அடைபடாத இடைவெளிகள்

குறைகளையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நீக்கத் தடை எட்டாம் வகுப்போடு முடிகிறது. குறிப்பிட்ட அளவு இயலாமை உள்ள குழந்தைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறினாலும், ஒன்பதாம் வகுப்பில் ஒழுங்கீனத்தைக் காரணம் காட்டி நீக்கப்படும் மாணவர், அது பாகுபாடு என்று தாமே நிலைநாட்டவேண்டியவராகிறார். வளரிளம் பருவத்தின் கொந்தளிப்பு தொடங்கும் வயதில்தான் காப்பு மெலிகிறது. சிறுபான்மையினரின் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆங்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டமே பெற்றோருக்கு முதன்மையான துணை.

ஆசிரியரின் நிலையையும் எண்ணவேண்டும். தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்கப் பள்ளியில் 35 பேருக்கு ஒருவர் என்பது சட்டத்தின் அளவு. பல பள்ளிகளில் நடைமுறை அதைத் தாண்டுகிறது. பொதுப் பள்ளிகளில் போதிய சிறப்பாசிரியர்கள் இல்லாத நிலையை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆராய்ந்து, அப்பணியிடங்களை உருவாக்கப் பணித்தது. உதவியின்றி விடப்பட்ட ஆசிரியரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது முறையாகாது. குழந்தைக்குத் தக்க வசதி செய்து தரவேண்டிய அரசும் நிர்வாகமும், அந்த வசதியை நடத்திக்காட்டவேண்டிய ஆசிரியருக்கும் உரிய பயிற்சியையும் துணையையும் அளிக்கவேண்டும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் பள்ளிப் பருவத்தினர் பெருந்தொகையினர். ஒரு குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவர, கணக்கெடுப்பும் உதவித்தொகையும் ஊர்தி வசதியும் கருவிகளும் என்று அரசு பல ஆண்டுகள் முயல்கிறது. அம்முயற்சி முழுவதும் ஒரு பிற்பகலில், ஒரு குறிப்பேட்டு வரியில் வீணாகிவிடக்கூடும்.

அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்குச் செவிக்கருவி கிடைத்திருக்கலாம். கிடைக்கச் சில மாதங்கள் ஆகவும் கூடும். ஆனால் அவனை முதல் வரிசைக்கு மாற்றுவதற்கும், பெயர் சொல்லி அழைக்கும்போது அவன் முகத்துக்கு நேரே நின்று அழைப்பதற்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்கவேண்டியதில்லை. குறிப்பேட்டில் முதல் வரியை எழுதுவதற்கு முன், இவன் ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.